உங்களுக்குத் தெரியுமா? பூனைக்கதை சொன்ன தொலைக்காட்சி

● திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்திலிருந்து பூஜப்புரைக்கு ஆட்டோவில் போக அதிக நேரம் பிடிக்காது. கேரளத்து அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் பாடத்துக்கு அந்தப் பூஜப்புரைதான் தலைமையிடம். 'கைட்' என்ற அரசு நிறுவனம் அங்கேதான் இயங்குகிறது. விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழு சொன்ன யோசனைகளின்படி 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பெயரில் இந்தத் திட்டம் தொடங்கியது. 2003-இல் எட்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் கட்டாயப் பாடமானது. 2005-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்விலும் சேர்ந்துகொண்டது. 'கைட்' என்ற பெயர் 2017-இல் வந்தது.

● சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை எந்த ஊரில் பிறந்தது தெரியுமா? பெங்களூரு என்றோ ஐதராபாத் என்றோ பலர் நினைப்பார்கள். பிறந்தது திருவனந்தபுரத்தில், 2001 ஜூலையில். இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே அதற்காக இங்கே வந்திருந்தார்.

அதன் விளைவு ஏழே ஆண்டுகளில் தேர்வு அறைக்குள் தெரிந்தது. 2008-இல் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் தேர்வு முழுக்கமுழுக்கச் சுதந்திர மென்பொருளான லினக்ஸில் நடந்தது. அரசுக்கு உரிமக் கட்டணம் மிச்சமானதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய லாபம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்பேன். பள்ளியில் பழகிய அதே மென்பொருளை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம். பணமும் வேண்டாம், திருட்டுப் பிரதியும் வேண்டாம். பாடத்துக்குத் தேவையானபடி அதை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கும் உரிமை உண்டு. மலையாளம், தமிழ், கன்னடம் என்று பல மொழிகளில் பாடம் நடக்கிற மாநிலத்துக்கு அந்த உரிமை அவசியம்.

● திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். பள்ளியில் மலையாளம் தட்டச்சு செய்ய இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை கற்றுக்கொடுக்கிறார்கள் அல்லவா? அது தெரிந்தால் தமிழ்த் தட்டச்சும் பெரும்பாலும் தெரிந்த மாதிரிதான்! இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் அமைத்த பலகை அது. மலையாள 'க' எந்த விசையில் இருக்கிறதோ, தமிழ் 'க'வும் அதே விசையில் இருக்கும். 'ப', 'ர', 'த' எல்லாம் அப்படியே. மொழியை மட்டும் மாற்றிவிட்டுத் தட்டிப் பாருங்கள். (தமிழ்நாட்டில் பரவலாக உள்ள தமிழ்99 வேறு அமைப்பு. அது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்தது.)

● ஜியோஜீப்ரா என்றொரு கணித மென்பொருள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் 2001-இல் தம் முதுகலை ஆய்வுக்காக எழுதத் தொடங்கியது. இன்று கேரளத்து உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாருக்குக் கரும்பலகைக்கு அடுத்த துணை அதுதான்.

ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகவும் போகும்படி ஒரு வட்டம் வரையவேண்டும். அந்த வட்டத்தின் மையம் முக்கோணத்துக்கு உள்ளே விழுமா, வெளியே விழுமா? நோட்டில் காம்பஸ் வைத்து ஒன்று போட்டுப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். நாலைந்து போட்டால்தான் விஷயம் பிடிபடும், அதற்குள் பீரியட் முடிந்துவிடும். ஜியோஜீப்ராவில் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தால் போதும். மூன்று கோணங்களும் 90 டிகிரிக்குக் குறைவாக இருக்கும்வரை மையம் உள்ளேயே இருக்கும். ஒரு கோணம் 90 டிகிரியைத் தொடும்போது, மையம் எதிர்ப்பக்கத்துக்கு நட்டநடுவில் வந்து உட்காரும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் வெளியே போய்விடும். பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கிறது.

இடறலும் இங்கேயே இருக்கிறது. கண்ணால் பார்த்தாகிவிட்டது, இனி நிரூபணம் எதற்கு என்று தோன்றிவிடும். "ஏன் அப்படி ஆகிறது, சொல்லு பார்க்கலாம்" என்று பக்கத்தில் நின்று கேட்க ஒரு ஆசிரியர் இல்லையென்றால், முக்கோணத்தை இழுத்து விளையாடியதோடு பாடம் நின்றுபோகும். கருவியால் கிடைக்கும் உதவியும் தடையும் ஒரே நிமிடத்துக்குள் அடங்கியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

● கல்விக்கென்றே ஒரு செயற்கைக்கோளை இந்தியா ஏவியது நினைவிருக்கிறதா? அதன் பெயர் எஜுசாட். 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எடை 1,950 கிலோ. அதைத் தூக்கிச்சென்ற ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் நம் தும்பாவில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கியது.

அந்தச் செயற்கைக்கோளை நம்பி 2005 ஜூலை 28 அன்று திருவனந்தபுரத்தில் 'விக்டர்ஸ்' என்ற கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. தொடங்கிவைத்தவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். எஜுசாட் 2010-இல் ஓய்வுபெற்றது. தொலைக்காட்சி தொடர்ந்து நடந்தது. வீடுகளில் அதிகம் பேர் பார்க்காத சேனலாகவே பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

● 2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, ஜூன் 1 காலை எட்டரை மணிக்குக் கேரளம் முழுவதும் அந்தச் சேனலைப் போட்டது. 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளின் முதல் நாள் அது. வகுப்புக்கு அரை மணி நேரம். செல்போனும் டேட்டாவும் எல்லா வீட்டிலும் இருக்காது, டிவி இருக்கும் என்பது கணக்கு.

ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் கோழிக்கோடு மாவட்டத்து ஆசிரியை ஒருவர். தங்குப் பூனை, மிட்டுப் பூனை என்று இரண்டு பூனைகளை வைத்துக் கதை சொன்னார். குரலை ஏற்றி இறக்கி, கண்ணை உருட்டி, எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போலவே பேசினார். அன்று மாலைக்குள் சமூக வலைத்தளங்களில் சிலர் அவரைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். அதைவிட வேகமாக ஊரே அவர் பக்கம் நின்றது. கேலி செய்தவர்கள் பெரியவர்கள். அந்த வகுப்பு ஐந்து வயதுக் குழந்தைகளுக்கானது, அவர்கள் பூனைக்கதையில் மூழ்கிப்போயிருந்தார்கள். ஐந்து வயதுக்காரரைத் திரையின் முன் அரை மணி நேரம் உட்காரவைக்க எந்த அனிமேஷனையும்விட ஒரு நல்ல ஆசிரியையின் முகம் போதும் என்று அன்று தெரிந்தது.

தமிழ்வழி, கன்னடவழிப் பிள்ளைகளுக்கும் தனியே வகுப்புகள் தயாராயின.

● அந்த வகுப்புகளைப் பற்றிய இன்னொரு கணக்கு. வகுப்புகள் தொடங்குவதற்கு முன் எடுத்த கணக்கெடுப்பின்படி, சுமார் 2.6 லட்சம் மாணவர்கள் வீட்டில் டிவியும் இல்லை, இணையமும் இல்லை. பெரும்பாலும் மலைவாழ் மக்கள், மீனவர், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்து அவர்களை உட்காரவைத்தார்கள். ஆரம்ப நாட்களின் வகுப்புகளைத் திரும்ப ஒளிபரப்பினார்கள். அந்த மறு ஒளிபரப்பு முடிவைப் பாராட்டவேண்டும். பின்தங்கியவர் வந்து சேரும்வரை பாடம் காத்திருந்தது.

டிவியிடம் சந்தேகம் கேட்க முடியாது. அதனால் வகுப்பு ஆசிரியர்கள் வாட்ஸ்ஆப் குழு அமைத்தார்கள். வீட்டில் இருப்பது ஒரே செல்போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் ராத்திரி திரும்பிய பிறகுதான் பல வீடுகளில் வீட்டுப்பாடமே தொடங்கியது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் மூத்தவருக்கே முதல் உரிமை.

● மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் பக்கம் ஒரு கல்லூரி மாணவி, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் ஓட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பைக் கேட்ட படம் 2020-இல் பத்திரிகைகளில் வந்தது. படம் வந்த பிறகு அவர் வீட்டுக்குச் சிக்னல் வந்தது.

● இணையமும் படிக்கும் உரிமையின் ஒரு பகுதி என்று இந்தியாவில் ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது கொரோனாவுக்கு முன்பே என்பது தெரியுமா? கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில், சாயங்காலம் ஆறு மணி முதல் பத்து மணி வரை செல்போன் வைத்திருக்கக் கூடாது என்று விதி. படிக்கிற நேரம் அதுதானே, கவனம் சிதறக் கூடாது என்பது விடுதி தரப்பு நியாயம். படிக்கிற நேரம் அதுதானே, பாடத்துக்கு இணையம் வேண்டாமா என்று கேட்டார் பி.ஏ. ஆங்கிலம் படித்த ஃபஹீமா ஷிரின். விதியை ஏற்க மறுத்ததால் விடுதியை விட்டு நீக்கப்பட்டார். வழக்குக் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாதவரை செல்போனைப் பறிக்க முடியாது. மாணவியை மீண்டும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று இந்தத் தீர்ப்பைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயதுவந்த ஒரு மாணவி தன் நேரத்தைத் தானே ஆளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதில் இருக்கும் நம்பிக்கை. பத்து வயதுப் பிள்ளையிடம் அதே நம்பிக்கையை அப்படியே வைக்க முடியாது. கேரள போலீஸ் 2023-இல் 'டி-டாட்' என்ற மையங்களைத் திறந்தது அதனால்தான். செல்போனிலும் விளையாட்டிலும் சிக்கி மீள முடியாத சிறுவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடங்கள் அவை. திருவனந்தபுரத்திலும் ஒன்று உண்டு.

● கேரளத்தில் ஆசிரியர்கள் வாட்ஸ்ஆப்பில் நோட்ஸ் அனுப்பக் கூடாது என்று ஓர் உத்தரவு இருக்கிறது! 2024 நவம்பரில் வந்தது. பெற்றோர் குழந்தை உரிமை ஆணையத்திடம் முறையிட்டதை அடுத்து, கல்வித்துறை பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை அது. கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம், பள்ளி திறந்த பிறகும் நின்றபாடில்லை. நோட்ஸ் செல்போனில் வந்துவிடுவதால் வகுப்பில் கேட்டு எழுதும் வேலை போயிற்று. அதை அச்சடிக்க வீட்டுக்குச் செலவும் ஆயிற்று. ஒரே கருவி 2020-இல் கைகொடுத்தது, 2024-இல் கையைக் கட்டியது. நடுவில் மாறியது சூழ்நிலை மட்டுமே.

● கேட்டு எழுதுவதில் என்ன பெரிய விசேஷம் என்று கேட்கலாம். 2014-இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர்கள் ஆசிரியர் சொன்னதை வார்த்தை மாறாமல் தட்டினார்கள். கையால் எழுதியவர்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அதனால் யோசித்துச் சுருக்கினார்கள். கருத்துக் கேள்விகளில் அவர்களே முந்தினார்கள். உலகம் முழுவதும் இது செய்தியானது. பிற்பாடு வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை என்பது செய்தியாகவில்லை. பேனாவா கீபோர்டா என்பதைவிட, எழுதும்போது மனம் வேலை செய்கிறதா என்பதைத்தான் கவனிக்கவேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

● யூடியூபில் பாடத்தை நாலு தடவை பார்த்த பிள்ளை "எல்லாம் தெரியும்" என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை. மறுபடி மறுபடி பார்த்தால் பழகின மாதிரி இருக்கும், அது தெரிந்த மாதிரி தோன்றும். ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இரண்டு தடவை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

வீட்டில் செய்யக்கூடியது சுலபம். வீடியோ முடிந்ததும் செல்போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். இப்போது பார்த்ததை அம்மாவுக்கோ பாட்டிக்கோ சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாமல் நிற்கிற இடம்தான் மறுபடி பார்க்கவேண்டிய இடம்.

● யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை முழுவதும் தொழில்நுட்பத்தைப் பற்றியது. கவனம் ஒருமுறை சிதறினால், பாடத்துக்குள் முழுதாகத் திரும்ப ஒரு மாணவருக்கு 20 நிமிடம்வரை ஆகலாம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிப் பீரியடில் ஏறத்தாழ பாதி.

● பல நாட்டு மாணவர்கள் எழுதும் பிசா தேர்வில், 2022-ஆம் வருஷம், பக்கத்து மாணவர் செல்போன் நோண்டுவதால் தன் கவனம் கெடுகிறது என்று சொன்னவர்கள் கணக்கில் 15 மதிப்பெண் பின்தங்கியிருந்தார்கள். அதே தேர்வில், பள்ளியில் பாடத்துக்காக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்வரை கருவிகளைப் பயன்படுத்தியவர்கள், தொடாதவர்களைவிட 14 மதிப்பெண் கூடுதல்.

● பெரு நாட்டில் 'குழந்தைக்கொரு லேப்டாப்' திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள். 2012-இல் வந்த மதிப்பீட்டில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை.

டெல்லியில் வேறு கதை. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளோடு மாலை நேர மையங்களில் நாலரை மாதம் படித்த 6 முதல் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் இந்தியிலும் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே தகராறு என்றால், அந்த மென்பொருள் ஐந்தாம் வகுப்பிலிருந்தே தொடங்கும். ஐம்பது பேரை வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தையும் முடித்தாகவேண்டிய ஆசிரியரால் அதைச் செய்ய இயலாது. அங்கேயும் குழுவாகப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கூடவே இருந்தார்.

● எல்லை தாண்டி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டம் லேப்டாப் வழங்கிய பெரிய திட்டங்களில் ஒன்று. 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தாயிற்று. 2019-இல் கல்வி தொலைக்காட்சியும் வந்தது. இவ்வளவு இருந்தும், கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது கிராமத்துச் சிறு பிள்ளைகள் படிப்பில் வெகுதூரம் பின்னால் போனார்கள்.

அதைச் சரிக்கட்ட அரசு எதை நம்பியது தெரியுமா? மனிதர்களை. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில், அந்தந்தத் தெருவிலேயே, படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் சாயங்காலம் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் தன்னார்வலர்களால் வந்தது என்று சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு சொல்கிறது. செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஈடாக வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

● கண்பார்வை இல்லாத மாணவருக்குத் தொழில்நுட்பம் உதவியா இடைஞ்சலா என்ற விவாதமே கிடையாது. திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருளை 2006-இல் எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும், அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். காசில்லாமல் கிடைக்கும். லினக்ஸில் அதே வேலைக்கு ஆர்க்கா இருக்கிறது. 2021-இல் பத்தாம் வகுப்புப் பாடங்களின் திருப்புதலைக் கேரளத்தில் ஒலிநூலாகவும் வெளியிட்டார்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கும் உதவியது, டேட்டா குறைவாக உள்ள வீடுகளுக்கும் உதவியது.

● பள்ளி மூடியிருந்த அந்த 2020-இல், கேரளத்துப் பிள்ளைகள் எழுதிய கதை, கவிதை, கட்டுரைகள் 'அக்ஷரவிருட்சம்' என்ற பெயரில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் 'ஸ்கூல்விக்கி' தளத்தில் ஏறின. பிள்ளைகள் பார்த்ததைக் கணக்கெடுக்க ஆயிரம் வழி உண்டு. எழுதியதைக் கணக்கெடுத்தது எனக்குப் பிடித்தது.

● தமிழ் படிக்க ஆசைப்பட்டு, பக்கத்தில் தமிழ்ப் பள்ளியோ நூலகமோ இல்லாத பிள்ளைக்கு 1998 பொங்கலன்று ஒரு பரிசு வந்தது. மதுரைத் திட்டம். உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகளில் வரும் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நின்றபடியே இன்று செல்போனில் புறநானூறு படிக்கலாம்.

● 2024-இல் திருவனந்தபுரம் மாவட்டம் கடுவாயிலில் ஒரு பள்ளி வகுப்புக்குள் புடவை கட்டிய ரோபோ வந்தது. பெயர் ஐரிஸ். கேட்ட கேள்விக்கு மூன்று மொழிகளில் பதில் சொல்லும். நாடு முழுவதும் படம் பரவியது.

அதே வருஷம் கேரளத்து ஏழாம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகத்தில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் சேர்ந்தது. அதற்கு அவ்வளவு பேச்சு இல்லை. அந்தப் பாடத்தில் பிள்ளைகளே ஒரு சிறு நிரலை உருவாக்குகிறார்கள். சிரிப்பு, கோபம், வருத்தம் என்று ஏழுவகை முகபாவங்களை அது அடையாளம் காணவேண்டும். எங்கே தப்பாகச் சொல்கிறது, ஏன் தப்புகிறது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை யோசிக்கிறது. ஐரிஸைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு ஐரிஸ் பதில் சொல்லும். கடைசி பெஞ்சில் கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நோக்கி நடந்துபோவது ஆசிரியர்தான்.

● கடைசியாக, பெரியவர்களின் பள்ளிக்கூடம் ஒன்று. நம் மாவட்டத்துப் புல்லம்பாறை 2022 செப்டம்பரில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. நூறுநாள் வேலை நடக்கும் இடத்திலும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்திலும் போய், மண்வெட்டியைக் கீழே வைத்த நேரத்தில் செல்போன் பழக்கினார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் கல்லூரி மாணவர்கள் நிறைய. அந்த வழியைப் பின்பற்றி மாநிலம் முழுவதும் சுமார் 21.88 லட்சம் பேர் பயிற்சி பெற்றார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளமே அப்படி அறிவிக்கப்பட்டது. அரசு அலுவலகச் சேவையை இணையத்தில் தேடுவதும் பாடத்தில் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை வீடியோவில் அழைத்துப் பேசுவதும் உண்டு. வளைகுடாவுக்கு மக்களை அனுப்பிவைத்த ஊர்களில் எந்தப் பாடத்தைப் பெரியவர்கள் முதலில் கேட்டிருப்பார்கள் என்று சொல்லவேண்டுமா?